முகவாதம் வந்து பல வருஷம் ஆச்சா? தொடைத் தசையை வைத்து சிரிப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

"காத்து அடிச்சிருக்கு, வாய் கோணிக்கிச்சு..." முகவாதத்தை நம்ம ஊர்ப்பக்கம் இப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் வருஷக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று அவர்கள் விட்டுவிடத் தேவையில்லை. தொடையிலிருந்து தசையை எடுத்து கன்னத்தில் பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அது யாருக்கு, எப்படிப் பலன் தரும்? பார்க்கலாம்.

முகம் ஏன் கோணுகிறது?

முகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நரம்புதான் இயக்குகிறது. மூளையிலிருந்து வரும் 7-வது நரம்பு அது. காதுக்குப் பக்கத்தில் எலும்புக்குள் இருக்கும் குறுகலான பாதை வழியாக வந்து, கன்னத்தில் கிளைகளாகப் பிரிகிறது. கண்ணை மூடுவது, சிரிப்பது, வாயில் தண்ணீர் வழியாமல் உதட்டை இறுக்குவது எல்லாமே அதன் வேலை.

திடீரென வரும் 'பெல்ஸ் பால்சி' வகை முகவாதத்தில் இந்த நரம்பு வீங்கி நசுங்குகிறது. சிகிச்சை இல்லாமலேயே 10 பேரில் சுமார் 7 பேருக்கு முழுமையாகக் குணமாகும். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். அதனால், "தானா சரியாயிடும்" என்று காத்திருக்கக் கூடாது.

நிரந்தரமாக நின்றுபோவதற்கு வேறு காரணங்களும் உண்டு:

• சாலை விபத்தில் காதைச் சுற்றியுள்ள எலும்பு உடைவது
• உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி, மூளை நரம்புக் கட்டி அறுவை சிகிச்சையின்போது நரம்பு பாதிக்கப்படுவது
• நாள்பட்ட காது நோய்
• பிறவிக் குறைபாடு

2 வருஷக் கணக்கு என்ன?

நரம்பிலிருந்து உத்தரவு வராத தசை மெல்ல மெல்லச் சுருங்கும். சுமார் 18 முதல் 24 மாதங்களில் அது நார் மாதிரி ஆகிவிடும். அதற்கு முன்பே போனால், நரம்பை ஒட்டவைத்தோ, வேறு நரம்பை இணைத்தோ பழைய தசையையே இயங்கவைக்கப் பார்க்கலாம். அந்தக் காலம் கடந்த பிறகு நரம்பை மட்டும் இணைத்துப் பிரயோஜனமில்லை. வயர் சரியாக இருந்தாலும் மோட்டார் எரிந்துபோன கதைதான். புது மோட்டார் வேண்டும். அதாவது, புதுத் தசை வேண்டும். புதுசாகவே கொண்டுவருவதால், வாதம் வந்து 10, 20 வருஷம் ஆனவர்களுக்கும் இதைச் செய்ய முடிகிறது.

தொடைத் தசை எதற்கு?

உள்தொடையில் 'கிராசிலிஸ்' என்ற மெல்லிய, நீளமான தசை இருக்கிறது. அதன் வேலையை மற்ற தொடைத் தசைகள் பார்த்துக்கொள்ளும் என்பதால், ஒரு பகுதியை எடுத்தாலும் நடப்பதில் பெரிய சிக்கல் வராது. 1976-ல் ஜப்பான் மருத்துவர் ஹாரியின் குழு இந்தத் தசையை ரத்தக்குழாய், நரம்போடு எடுத்து முகத்தில் பொருத்தி, மீண்டும் அசையவைத்ததை வெளியிட்டது. இன்று உலகம் முழுக்க அதிகம் செய்யப்படும் முறை இதுதான்.

வாயோரத்துக்கும் காதுப் பக்கத்துக்கும் நடுவில் தசையைத் தைக்கிறார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாய்களையும் நரம்பையும் இணைக்கிறார்கள்.

எந்த நரம்பில் இணைப்பார்கள்?

இரண்டு வழிகள் உண்டு.

ஒரே கட்டம்: கடிக்கும் தசைக்குப் போகும் நரம்பில் இணைப்பது. சில மாதங்களிலேயே அசைவு தெரியும். ஆனால், ஆரம்பத்தில் பல்லைக் கடித்தால்தான் சிரிப்பு வரும். பயிற்சி செய்யச் செய்ய, பலருக்குக் கடிக்காமலேயே வரத் தொடங்கும்.

இரண்டு கட்டம்: கெண்டைக்காலிலிருந்து நரம்பை எடுத்து, நல்ல பக்க முகத்திலிருந்து மேல் உதடு வழியாக மறுபக்கம் கொண்டுபோவது. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். எனவே 9 முதல் 12 மாதம் காத்திருந்து, பிறகுதான் தசையைப் பொருத்துவார்கள். ஜோக் கேட்டதும் இரண்டு பக்கமும் தானாகச் சிரிக்கும் என்பதே இதன் லாபம்.

வயதானவர்களுக்கு நரம்பு வளர்வது மெதுவாகும். அவர்களுக்கு ஒரே கட்ட முறையையோ, நெற்றிப்பொட்டில் உள்ள தசையின் நாணை வாயோரத்துக்கு இழுத்துக் கட்டும் சின்ன சிகிச்சையையோ பரிந்துரைக்கலாம்.

வேலூர் காட்டிய வழி

வேலை செய்யும் தசைக்குப் புது வேலை கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை. 1940-களின் பிற்பகுதியில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளில் தசைநாண்களை இடம் மாற்றி, விரல்களை மீண்டும் இயங்கவைத்தார். தொழுநோயால் கண் மூட முடியாதவர்களுக்கும் நெற்றிப்பொட்டுத் தசையை இமைக்குக் கொண்டுவரும் சிகிச்சை இந்தியாவில் செய்யப்பட்டு வருகிறது.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது?

• ஆபரேஷன் முடிந்த உடனே சிரிப்பு வராது. நரம்பு வளர்ந்து தசைக்குள் போகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.
• கண்ணாடி முன் தினமும் பயிற்சி செய்யணும். அதை விட்டால் பலன் குறையும்.
• திரும்பி வருவது சிரிப்பு மட்டும்தான். நெற்றிச் சுருக்கம் வராது.
• கண் மூட, மேல் இமையில் சிறிய தங்க எடை வைப்பது போன்ற தனி சிகிச்சை வேண்டும். அதுவரை சொட்டு மருந்து அவசியம். கண் காய்ந்தால் பார்வையே பாதிக்கும்.
• ரத்தக்குழாயில் அடைப்பு, தொற்று, கன்னம் புடைப்பாகத் தெரிவது போன்ற சிக்கல்கள் வரலாம். புகைபிடிப்பவர்கள் நிறுத்தியே ஆகணும்.

எங்கே கேட்பது?

பொதட்டூர்பேட்டை, திருத்தணி பகுதி மக்கள் முதலில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறைகள் உள்ளன. திருத்தணியிலிருந்து ரயிலில் வந்தால், ராஜீவ் காந்தி மருத்துவமனை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. வாதம் எப்போது வந்தது, என்ன ஆபரேஷன் நடந்தது என்ற பழைய சீட்டுகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்கள் சிகிச்சைக்கு அது பொருந்துமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

இது அவசரம்!

வாய் கோணுவதோடு கை, கால் பலவீனம் அல்லது பேச்சுக் குழறல் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். முகவாதத்தில் பெரும்பாலும் நெற்றியும் அசையாது. பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றியைச் சுருக்க முடியும். ஆனால் வீட்டில் சோதித்துக்கொண்டிருக்காமல், உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.