துணிக்கடைப் பைக்குள்ள ஒரு மருத்துவ வரலாறு

போன மாசம் ஏன் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. காரணம், அப்பா. அவரை ஒரு புது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன கதைதான் இன்னைக்கு எபிசோடுக்கு ஆரம்பம்.

அப்பாவுக்கு 63 வயசு. திண்டுக்கல்ல இருந்து சென்னைக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தார். எழுந்து நின்னா தலைசுத்தல். ரெண்டு கால்லயும் கணுக்கால்கிட்ட வீக்கம். நெட்ல தேடிப் பார்த்துட்டு கிட்னியா இருக்குமோன்னு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்ல. மறுநாளே அப்பாயின்ட்மென்ட் போட்டேன்.

அம்மா ஒரு துணிக்கடைப் பையோட ரெடியா இருந்தாங்க. எல்லா வீட்லயும் இருக்குமே, அந்தப் பைதான். எக்ஸ்ரே, ஈசிஜி, 2014-ல எடுத்த ரத்தப் பரிசோதனை, என் தங்கச்சியோட தடுப்பூசி அட்டை, எல்லாம் ஒண்ணா கிடக்கும். டாக்டர் அந்தப் பையைப் பார்த்தார். திறக்கல. அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க சார்?"

அப்பா சொன்னார்: "காலைல ஒரு வெள்ளை மாத்திரை டாக்டர். ராத்திரி இன்னொரு வெள்ளை. அது கொஞ்சம் சின்னது."

ரூம்ல ஒரு அமைதி. மிச்சத்தைக் கடைசில சொல்றேன். அந்த அமைதிக்குப் பின்னாடி ஒரு பெரிய வரலாறு இருக்கு. ஒரு நோயாளியோட கதையை யார் ஞாபகம் வெச்சுக்கணும் என்ற கேள்வியோட வரலாறு அது.

கிட்டத்தட்ட 1,900 வருஷத்துக்கு முன்னாடி, இன்றைய துருக்கியில் இருக்கும் எபேசஸ் ஊர்ல ரூஃபஸ்னு ஒரு கிரேக்க மருத்துவர் இருந்தார். நோயாளிகிட்ட என்னென்ன கேட்கணும் என்பதற்காகவே அவர் தனியா ஒரு நூல் எழுதினார். எப்போ ஆரம்பிச்சது, இதுக்கு முன்னாடி வந்திருக்கா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி. நோயாளியால பேச முடியலைன்னா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேளுங்கன்னும் சொல்றார். அதாவது அப்பவே ஒரு 'அம்மா' கூட வந்திருக்காங்க.

ரொம்ப காலத்துக்கு மருத்துவரோட முக்கியமான கருவி இந்தக் கேள்விகள்தான். 1816-ல பாரிஸ்ல லேனக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடிச்சார். 1895-ல ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். அப்புறம் ரத்தப் பரிசோதனைகள் பெருகிச்சு. தகவல் குவிய ஆரம்பிச்சது. நம்ம பாஷையில சொன்னா, டேட்டா அதிகமாச்சு, ஆனா டேட்டாபேஸ் இல்ல.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் மேயோ கிளினிக்கை எடுத்துக்கோங்க. 1900-கள் தொடக்கத்துல அங்க டாக்டர்கள் ஆளுக்கொரு பேரேட்டில் எழுதினாங்க. மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி, வந்த வரிசைப்படி. ஒரே நோயாளி மூணு டாக்டரைப் பார்த்தா அவரோட கதை மூணு நோட்ல துண்டு துண்டா கிடக்கும். ஆறு மாசம் கழிச்சு அவர் திரும்பி வந்தா அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கணும்.

இதைச் சரி பண்ணினவர் ஹென்றி பிளம்மர். 1907-ல அவர் கொண்டுவந்த ஏற்பாடு ரொம்ப சிம்பிள்: ஒரு நோயாளிக்கு ஒரு எண், ஒரு எண்ணுக்கு ஒரு ஃபைல். எந்த டாக்டர் பார்த்தாலும், எந்த டெஸ்ட் எடுத்தாலும் அந்த ஃபைலுக்குள்ளதான் போகணும். பிறகு கட்டின கட்டடத்தில் ஃபைலும் காகிதமும் மாடிக்கு மாடி போறதுக்குன்னே தனி வசதி செஞ்சாங்க. நாம இன்னைக்கு 'யூனிக் ஐடி'ன்னு சாதாரணமா சொல்றதை, கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே அட்டையிலும் காகிதத்திலும் செஞ்சு முடிச்சுட்டாங்க.

ஆனா ஃபைல் ஒண்ணா ஆனதும் அடுத்த பிரச்சினை: ஃபைல் தடிமனாச்சு. உள்ள என்ன இருக்குன்னு படிக்க யாருக்கும் நேரம் இல்ல. 1968-ல லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது: ஃபைலோட முகப்பிலேயே நோயாளியோட பிரச்சினைகளை எண் போட்டு எழுதுங்க. அதுக்கப்புறம் எழுதுற ஒவ்வொரு குறிப்பும் எந்தப் பிரச்சினைக்கானதுன்னு தெரியணும். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆபீஸ்ல தினமும் நான் பார்க்கிற பக் லிஸ்ட்தான் இது!

சரி, இவ்வளவு டெஸ்ட் வந்த பிறகு நோயாளி சொல்ற கதைக்கு மதிப்பு குறைஞ்சிருக்கும்னு தோணும். 1975-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹாம்ப்டனும் அவரோட சகாக்களும் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. மருத்துவமனைக்குப் புதுசா வந்த 80 புறநோயாளிகள். அவங்கள்ல 66 பேருக்கு, அனுப்பின டாக்டரோட கடிதத்தைப் படிச்சு, நோயாளியோட கதையைக் கேட்ட உடனேயே சொன்ன நோய்தான் கடைசியில் சரியா இருந்துச்சு. உடலைத் தொட்டுப் பார்த்த பிறகு முடிவு மாறினது 7 பேருக்கு. லேப் டெஸ்டால மாறினது இன்னொரு 7 பேருக்கு.

66-ஐயும் 7-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நாம பையில தூக்கிட்டுப் போறது பெரும்பாலும் அந்த 7. அந்த 66-க்கு நாம எதுவுமே தயார் பண்றதில்ல.

அதைச் சொல்ல நேரமும் கம்மி. 1984-ல அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கல்னு ரெண்டு பேர் 74 சந்திப்புகளை ஆராய்ந்தாங்க. நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருக்கார். 2017-ல வந்த இன்னொரு ஆய்வில், 67 நாடுகளோட கணக்கு. ஆரம்ப நிலை சிகிச்சையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சராசரி நேரம் ஸ்வீடன்ல 22 நிமிஷத்துக்கும் மேல, பங்களாதேஷ்ல 48 விநாடி. நாம எந்தப் பக்கம் இருக்கோம்னு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியும்.

இந்தியாவிலும் ஒரு ஆளுக்கு ஒரு எண் வந்தாச்சு. 2021-ல தேசிய அளவுல தொடங்கின ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்ல ஒருத்தருக்கு 14 இலக்க சுகாதார எண். பிளம்மரோட அதே யோசனைதான். ஆனா எண் வாங்கினதும் பழைய சீட்டெல்லாம் தானா அதுக்குள்ள போய் உட்கார்ந்துடாது. பீரோவுக்கு மேல இருக்கிற பை அங்கேயேதான் இருக்கு. மேயோவுல ஞாபகம் வெச்சுக்கிற வேலையை மருத்துவமனை எடுத்துக்கிச்சு. நம்ம ஊர்ல அந்த வேலை இன்னும் வீட்லதான். பெரும்பாலும் அம்மாவோட தலையில.

இப்போ டாக்டர் ரூமுக்குத் திரும்பி வருவோம். அம்மா தன்னோட ஹேண்ட்பேக்கைத் திறந்து, ரப்பர்பேண்ட் போட்ட ரெண்டு காலி அட்டையை எடுத்து மேஜையில வெச்சாங்க. மருந்துக்கடையில காட்டி அதே மாத்திரையை வாங்குறதுக்காக எப்பவும் வெச்சிருப்பாங்க. டாக்டர் ரெண்டையும் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இது ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனி பேர்தான் வேற."

ரெண்டுமே அம்லோடிபின். பிபி மாத்திரை. ஊர்ல ஒரு டாக்டர் எழுதினது ஒண்ணு. திருச்சியில அத்தை வீட்டுக்குப் போனப்போ பிபி அதிகமா இருக்குன்னு இன்னொரு டாக்டர் எழுதினது ஒண்ணு. பழைய மாத்திரையை அங்க அப்பா சொல்லவே இல்ல. சேர்த்துச் சாப்பிட்டதுல அளவு கூடியிருக்கு. கால் வீக்கம் அந்த மருந்தோட தெரிஞ்ச பக்க விளைவுதான்னு டாக்டர் சொன்னார். ஒண்ணை நிறுத்தினார். கிட்னி டெஸ்டும் எடுத்தார், நார்மல். ரெண்டு வாரத்துல வீக்கம் வடிஞ்சுது. நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்திடாதீங்க. அதை டாக்டர் சொல்லணும்.

அன்னைக்கு ராத்திரி அம்மாவும் நானும் தரையில உட்கார்ந்து பையைக் கொட்டினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் ஒரே ஒரு பக்கம் எழுதினேன். மேல, இப்போ இருக்கிற பிரச்சினைகள், எப்போ ஆரம்பிச்சது. அடுத்து, மாத்திரைகள்: பிராண்ட் பேர் இல்ல, அட்டையில் போட்டிருக்கிற மருந்தோட பேர், மில்லிகிராம், எந்த வேளைக்கு. எது ஒத்துக்காது. என்ன ஆபரேஷன் நடந்திருக்கு. குடும்பத்துல யாருக்கு என்ன நோய். கடைசியா, டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய மூணு கேள்வி.

எழுதும்போது அம்மா சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க: "96-ல உங்கப்பாவுக்கு பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு." அந்தப் பையில இருந்த எந்தக் காகிதத்துலயும் அது இல்ல. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கே மறந்துபோச்சு.

இந்த வாரம் ஊருக்கு போன் பண்ணும்போது "சாப்டீங்களா" கேட்டு முடிச்சதும், அந்த ஒரு பக்கத்தையும் எழுத ஆரம்பிச்சுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.