வில்பட்டியின் கலப்பையும் மண்வெட்டியும்

அரபு மொழியில் 'ஃபலஹ' என்னும் வினைக்குப் பிளத்தல், உழுதல் என்று பொருள். உழவுத் தொழில் 'ஃபிலாஹத்', உழுபவன் 'ஃபல்லாஹ்'. நாள்தோறும் ஐந்து வேளையும் பாங்கில் நம் செவியில் விழும் 'ஃபலாஹ்', அதாவது வெற்றி என்னும் சொல்லும் இதே வேரில் பிறந்ததே. மண்ணைப் பிளப்பவனே விளைவைக் காண்கிறான் என்று இவ்விரண்டையும் இணைத்து விளக்குவோர் உண்டு. அந்த விளக்கத்தின் மெய்ம்மையைக் கண்ணால் காண விரும்புவோர் பழனி மலைத்தொடரில் உள்ள வில்பட்டிக்குச் செல்லலாம்.

கொடைக்கானல் நகருக்கு அண்மையிலுள்ள மலைக் கிராமம் வில்பட்டி. சரிவை வெட்டி, கல் அடுக்கி, மண் நிரப்பிய படிப்படியான வயல்களே அதன் செல்வம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் ஆகியன அங்கே விளைகின்றன. இம்மலைகளின் பழைய உழவர் குடியினரான குன்னுவரின் முன்னோர், நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன் தாராபுரம், காங்கயம் பகுதிகளிலிருந்து போருக்கோ பஞ்சத்துக்கோ அஞ்சி மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கிய மரபுச் செய்தி. ஆங்கிலேய நில அளவையாளர் வார்டு 1821இல் இம்மலைகளை அளக்க வந்தபோது இங்கே குடியிருப்புகள் இருந்தன. அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியது 1845இல்தான். ஆகவே, நகரத்துக்கு மூத்தது இந்த உழவு.

மலை உழவனின் கருவிகள் சிலவே: மரக்கலப்பை, மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், கூடை. படி அகலமாக இருந்தால் மாடு பூட்டி உழலாம். குறுகினால் மண்வெட்டியே கலப்பை. பூண்டின் பற்களை ஒவ்வொன்றாகக் கையால் ஊன்ற வேண்டும். களையையும் கையால்தான் எடுக்க வேண்டும். விளைந்ததை வண்டி நிற்கும் இடம் வரை மனிதர் தலையிலோ குதிரையின் முதுகிலோ ஏற்றிக் கொண்டுவர வேண்டும். சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் லா மலைப்பாதை 1916இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன் மலையின் விளைச்சல் முழுவதும் இவ்வாறே கீழிறங்கிற்று.

தந்தையின் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு, அதே படியில் அறுபது ஆண்டு உழைத்து மூத்தவரைப் பார்த்து, "இன்னுமா இந்தப் பழங்கருவி?" என்று கேட்பது எளிது. இக்கேள்வியை நம் நாட்டில் ஓர் அரசாங்கமே பெரும் பொருட்செலவில் கேட்டுப் பார்த்தது. சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865இல், சைதாப்பேட்டையில் ஓர் அரசுப் பண்ணை அமைந்தது. இங்கிலாந்திலிருந்து இரும்புக் கலப்பைகள், விதைக்கும் கருவிகள், கதிரடிக்கும் இயந்திரங்கள், நீராவிக் கலப்பை வரை வந்து இறங்கின. குடியானவர் இவற்றைக் கண்டு தம் கருவிகளைக் கைவிடுவர் என்பது எதிர்பார்ப்பு. நீராவிக் கலப்பை தோல்வியுற்றது; மற்றவையும் ஊர்களுக்குள் பெரிதாகப் பரவவில்லை. ஆயினும் அம்முயற்சி வீண் போகவில்லை. 1876இல் அங்கே வேளாண்மைப் பள்ளி தொடங்கிற்று. அக்கல்வி 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

உழவனின் அறியாமையே இத்தோல்விக்குக் காரணமா? 1889இல் இந்திய வேளாண்மையை ஆராய அனுப்பப்பட்ட வேதியியல் அறிஞர் வோல்க்கர் பல மாதங்கள் நாடெங்கும் சுற்றினார். 1893இல் வெளியான அவருடைய அறிக்கை, குடியானவனைப் பழிக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம் அளித்தது. நாட்டுக் கருவிகள் பெரும்பாலும் இடத்துக்கும் நிலைமைக்கும் ஏற்றவை என்றே அவர் கண்டார். கனத்த இரும்புக் கலப்பையைச் சிறு மாடுகள் இழுக்கமாட்டா. அதன் விலை அதிகம். உடைந்தால் ஊர்த் தச்சனால் செப்பனிட இயலாது. ஆழ உழுவதால் மண்ணின் ஈரம் வற்றிப்போகும் இடங்களும் உண்டு. சமவெளிக்கே இது பொருந்துமாயின், மேல்மண்ணே முதலாக உள்ள மலைப்படிக்குச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும் பழமை என்பதற்காகவே பழங்கருவியைப் போற்றுதல் அறிவுடைமையாகாது. களையெடுத்துக் குனிந்த பெண்களின் முதுகும், சுமை தாங்கிய முழங்காலும் அதன் விலையைச் சொல்லும். இன்று சிறு உழுபொறிகள் வந்துள்ளன. அவற்றை வாங்க அரசு மானியமும் தருகிறது. படியில் ஏறித் திரும்பக்கூடிய பொறி வருமாயின் வரவேற்போம். நிலத்தின் அளவுக்குக் கருவி இசைய வேண்டும். கருவியின் அளவுக்கு மலையை இடிக்கலாகாது.

கவலைக்குரியது வேறொன்று. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலியா நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெருநூலை எழுதினார். முன்னோர் நூல்களைத் தொகுத்ததோடு, ஊருக்கருகே தாமே பயிரிட்டுத் தேர்ந்தவற்றையும் அதில் சேர்த்தார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் பேசப்படுகின்றன. முஸ்லிம் ஆட்சி மறைந்து மூன்று நூற்றாண்டு கழிந்த பின்னரும், 1802இல் மாட்ரிட் நகரில் அந்நூல் ஸ்பானிய மொழிபெயர்ப்போடு அச்சேறியது. ஆட்சி போயிற்று, உழவனின் அறிவு மட்டும் ஏட்டில் நின்றது.

வில்பட்டி முதியவருக்கு அத்தகைய ஏடு வாய்க்கவில்லை. எந்தப் படியில் நீர் எப்படி வடியும், சரிந்த கல்லை எங்கே பொருத்தினால் சுவர் நிற்கும், எந்தக் காற்றுக்கு முன் பூண்டைப் பிடுங்க வேண்டும் என்பனவெல்லாம் அவர் கையில் இருக்கின்றன. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. பூண்டின் பெயருக்குக் காவல் கிடைத்துவிட்டது; அதை விளைவிக்கும் அறிவுக்கு இன்னும் காவல் இல்லை. பிள்ளைகள் படித்து நகரம் சென்றுவிடுகின்றனர். மலைச்சரிவுகளில் விடுதிகளும் ஓய்வு இல்லங்களும் எழுகின்றன. கவனிப்பாரற்ற கற்சுவர் ஒரு பெருமழையில் சரிந்தால், தலைமுறைகள் சேர்த்த மண் ஓடையோடு போகும்.

பிள்ளைகள் படிக்கட்டும், அது அவர்களின் உரிமை. கற்ற எழுத்தைக் கொண்டு, விடுமுறைக்கு வரும்போதேனும் தந்தையின் அருகில் அமர்ந்து, அவர் அறிந்ததைக் கேட்டு எழுதி வைக்கட்டும். மண்வெட்டியை அடுத்த தலைமுறை ஏந்தாமற் போகலாம். அம்மண்வெட்டி அறிந்ததை இழந்தோமானால், பின்னாளில் எந்தப் பொறியைக் கொண்டும் அதைத் தோண்டி எடுக்க இயலாது.