ஐரிஷ் நடன உடையில் எவ்வளவு பழமை?

ரிவர்டான்ஸ் பார்த்திருக்கிறீர்களா? கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும், கால்கள் மட்டும் பறக்கும்! 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், இடைவேளையை நிரப்ப ஆடிய ஏழு நிமிட ஆட்டம்தான் அது. அதற்குப் பிறகுதான் உலகமே ஐரிஷ் நடனத்தைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது கால்கள் இல்லை, போட்டிகளில் ஆடும் பெண்களின் உடை.

அந்த உடைகளில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும் முடிச்சுகள், சுருள்கள், சிலவற்றில் பறவைகள் என்று எம்பிராய்டரி நிறைந்திருக்கும். ஆயிரம் வருடப் பாரம்பரிய உடை என்பார்கள். அதில் பாதி உண்மை, பாதி கதை.

உண்மையான பாதி கெல்ஸ் நூலில் இருக்கிறது. கி.பி. 800 வாக்கில் துறவிகள் கன்றுத் தோலில் எழுதிய நற்செய்தி நூல் இது. இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அதில் கிறிஸ்துவின் பெயரை ஒரு முழுப் பக்கத்துக்கு வரைந்திருக்கிறார்கள். எழுத்துக்குக் கீழே உற்றுப் பார்த்தால் எலிகள் அப்பத்தைக் கொறிக்கின்றன, பூனைகள் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கின்றன! பக்கத்திலேயே வாயில் மீனோடு ஒரு நீர்நாய். வேறொரு மூலையில் அந்துப்பூச்சிகள். வேத நூலில் இதெல்லாம் எதற்கு? அறிஞர்கள் பல விளக்கம் தருகிறார்கள். எனக்கென்னவோ, மடத்தைச் சுற்றித் திரிந்த ஜீவன்களை வரைந்து பார்த்த ஆசைதான் தெரிகிறது.

இனி கதையான பாதி. 19ஆம் நூற்றாண்டில் கிராமத்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப் போகும் நல்ல துணியில்தான் ஆடினார்கள். தனி நடன உடை என்று ஒன்று கிடையாது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அவர்களோடு ஐரிஷ் மொழியும் தேய்ந்தது. 1893ல் மொழியைக் காக்க கேலிக் லீக் தொடங்கியது (நம்ம ஊர் 'கேலி' இல்லீங்க!). 'நாங்கள் ஆங்கிலேயர் இல்லை' என்று காட்ட மொழி மட்டும் போதவில்லை, நடனமும் உடையும் வேண்டியிருந்தது. இடைக்கால அங்கியையும் தோள் போர்வையையும் பார்த்து ஒரு நடன உடையை உருவாக்கினார்கள். கெல்ஸ் நூலின் பின்னல்கள் அதில் எம்பிராய்டரியாக ஏறின.

போர்வையைக் குத்த தாரா ஊசியின் நகல். அசல் ஊசி 1850ல் பெட்டிஸ்டவுன் கடற்கரைப் பக்கம் கிடைத்தது. மன்னர்களின் தாரா குன்றுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வியாபாரம் நடக்க டப்ளின் நகைக்கடைக்காரர் வைத்த பெயர் அது!

அப்போ எல்லாம் டூப்பா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உடை புதுசு, ஆனால் அதில் ஓடும் கோடு நிஜமாகவே பழசு. கையையும் உடம்பையும் அசைக்காத நடனத்தில் பார்ப்பவர் கண்ணுக்குப் பாதி விருந்து அந்த உடைதான்.

வருத்தம் என்னவென்றால், ரிவர்டான்ஸுக்குப் பிறகு போட்டி மேடைகளில் பளபளப்புத் துணியும் கிரிஸ்டல் கற்களும் புகுந்துவிட்டன. ஒரு உடை ஆயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம். கட்டுப்படியாகாத பெற்றோர் பழைய உடையை வாங்கி, பிள்ளை வளர்ந்ததும் அடுத்தவருக்கு விற்கிறார்கள். கற்களுக்கு நடுவே பழைய பின்னலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.