நிர்வாகி உரிமையின்றி நிரலாக்கக் கோப்புகளை நிறுவுதல்

பொதுக் கணினியில், நிர்வாகியின் கடவுச்சொல் அறியாத ஒருவர், நிரல் தொகுப்பதற்கு இன்றியமையாத ஹெடர் கோப்புகளையும் லைப்ரரிகளையும் தமக்குரிய ஹோம் டைரக்டரியிலேயே அமைத்துக்கொள்ளும் முறை. பொறியியற் கல்லூரி போன்ற ஸ்தாபனங்களில், ஒரே கணினியைப் பல மாணவர் ஆள நேர்வதால், இம்முறை மிகவும் பிரயோஜனமானது. லினக்ஸில் பொது அடைவுகளில் எழுதும் அதிகாரம் நிர்வாகிக்கே உரியதாகையால், மூலநிரலைத் தொகுக்குமுன் 'கான்ஃபிகர்' கட்டளையோடு 'பிரிஃபிக்ஸ்' என்னும் குறிப்பைச் சேர்த்துத் தம் அடைவைச் சுட்டி, பின்னர் 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்னும் கட்டளைகளை முறையே இட்டால், ஹெடர்கள் 'இன்க்ளூட்' அடைவிலும் லைப்ரரிகள் 'லிப்' அடைவிலும் சென்று சேரும். அவ்விடங்களைக் கம்பைலருக்கும் தனியே அறிவித்தல் அவசியம். பைதான் நிரல்மொழியிலோ, 2008-இல் வெளிவந்த 2.6 பதிப்பு முதல், இவ்வாறு நிறுவுவதற்குப் பயனருக்கெனத் தனியிடம் உண்டு. பிறர் பணிக்குப் பங்கமின்றித் தம் கல்வியைத் தொடர மாணவர்க்கு வழிதருவதே இம்முறையின் சிறப்பு.