ஏலமலைக் காப்பும் போடிநாயக்கனூரும்

போடிநாயக்கனூர்க்கு மேற்கே ஓங்கி நிற்கும் ஏலமலை, சரிவால் ஒன்றாயினும் ஆட்சியால் இரண்டாகும். அடிவாரமும் கீழ்ச்சரிவும் தேனி மாவட்டத்தைச் சார்ந்தன. போடிமெட்டுக்கு அப்பாலுள்ள மேல்நிலம் கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்தது. இம்மலை காப்புநிலம் எனப் பெயர் பெற்ற வரலாற்றையும், அதன்கண் அடிவார ஊர்கட்குரிய இடத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

ஏலச்செடி நிழலை நாடுவது. காட்டைத் திருத்தித் தேயிலை நடுதல்போல் அதனை நடுதல் இயலாது. கீழ்ப்புதர்களைக் களைந்து, பெருமரங்களை நிறுத்தி, அவற்றின் கிளைகளைக் கழித்து, வெயிலை அளவுபடுத்தி வளர்த்தல் வேண்டும். ஆகவே, ஏலத்தோட்டம் பயிர்நிலமும் ஆகும், காடும் ஆகும். இவ்விரு தன்மையே பின்னெழுந்த வழக்கிற்கு வித்தாயிற்று.

1897-இல் திருவிதாங்கூர் அரசு ஏலமலையைக் காப்புக்காடாக அறிவித்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கர் என்பர் ஒரு சாரார். 2,15,720 ஏக்கர் என்பர் மற்றொரு சாரார். முன்னிற்கும் ஓர் இலக்கம் உண்டோ இல்லையோ என்னும் இவ்வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. ஆட்சிமுறையோ இதனினும் வியத்தற்குரியது. நிலம் வருவாய்த்துறையின்பாற்பட்டது, அதன்மேல் நிற்கும் மரம் வனத்துறையின்பாற்பட்டது.

இனி, அடிவாரத்தை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை கம்பிவட வழியே கோட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை வந்தது. 1956-இல் மாநிலங்கள் சீரமைக்கப்பெற்றபொழுது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தின்கண் அமைந்தன. எல்லை மாறாது நின்றும் வாழ்வு எல்லையைக் கடந்தே இயங்கிற்று. போடியிலிருந்து தொழிலாளர் நாடோறும் தோட்டங்கட்கு மலையேறுகின்றனர். அங்கு விளைந்த காய் விலைகூறப்படுதற்குப் போடிக்கு இறங்குகின்றது. வழக்கிற்குரிய எண்கள் இரண்டும் நிலத்தை அளப்பன. கிளை கழித்து நிழல் காத்த இக்கைகளை அளப்பனவல்ல.

இதனால் காப்பு வேண்டா என்பது நம் கருத்தன்று. மிகுவிளைவு தரும் ஏலவகைகள் பரவியபின் நிழல் குறைந்து வருகின்றது. எல்லையை ஒட்டிய மதிகெட்டான் சோலை 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றதற்கும் ஆக்கிரமிப்பே காரணமாயிற்று. காப்பு வேண்டுவதே, யார் வாழ்வொடு பொருந்தக் காப்பது என்பதே வினா.

தொல்காப்பியர் நிலத்தை முதற்பொருளாகவும், மரத்தையும் தொழிலையும் கருப்பொருளாகவும் கொண்டனர். பகுத்தனரேனும் பிரித்திலர், மூன்றும் ஒரு திணைக்கே உரியவை. ஏலமலையில் நிலம் ஒரு துறைக்கும் மரம் மற்றொரு துறைக்கும் உரியவாயின. தொழில் எத்துறைக்கும் உரித்தாயிற்றில்லை. ஆதலின், இம்மலையின் காப்பு வரலாற்றை எழுதப் புகுவோர், அறிவிப்பின் இலக்கத்தொடு அடிவார ஊர்களின் உழைப்பையும் சான்றாகக் கொள்ளுதல் கடனாம்.