பாய்சன் ஐவி தடிப்பும் வீட்டு வைத்தியமும்

பாய்சன் ஐவி, வட அமெரிக்காவின் காட்டோரங்களிலும் வேலிகளிலும் மும்மூன்று இலைகளோடு படரும் கொடி. மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சலவைத் துணியில் குறியிட வண்ணார்கள் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாறும் சிலருக்குப் பாய்சன் ஐவியைப் போலவே தோலில் தடிப்பை உண்டாக்கும். கொடியின் சாற்றிலுள்ள உருஷியால் என்னும் எண்ணெய் பட்டால், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஓரிரு நாளில் தோல் கோடு கோடாகத் தடித்து, நீர்க்கொப்புளம் எழும்பி, தூங்கவிடாமல் அரிக்கும். இதற்குச் சொல்லப்படும் கைவைத்தியங்களை எடைபோட ஒரு கேள்வி போதும்: அதைச் செய்வது எண்ணெய் தோலில் ஊறுவதற்கு முன்பா, பின்பா?

பட்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உருஷியால் தோலோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். ஆகவே நோயையே தடுக்க வல்லது ஒன்றுதான்: உடனே சோப்புப் போட்டு, துணியால் தேய்த்து, நக இடுக்கு உட்பட நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவது. மண்வெட்டிப் பிடி, காலணிக் கயிறு, நாயின் ரோமம் ஆகியவற்றையும் கழுவ வேண்டும். அவற்றில் தங்கிய எண்ணெய் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். கொப்புள நீர் பட்டுத்தான் தடிப்பு பரவுகிறது என்ற நம்பிக்கை தவறு. அந்த நீரில் உருஷியால் இல்லை. எண்ணெய் குறைவாகப் பட்ட இடமும் இயல்பாகவே தோல் தடிமனான இடமும் தாமதமாகச் சிவப்பதால் பரவுவதுபோல் தெரிகிறது.

‘ஜுவல்வீட் இலையை அரைத்துப் பூசிக் குணமானவர்கள் இல்லையா?’ என்று கேட்கலாம். காசித்தும்பை இனத்தைச் சேர்ந்த அந்தச் செடி அமெரிக்கப் பழங்குடிகளின் மருந்து. எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதல்ல. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், எண்ணெய் பட்ட இடத்தில் பூசிய இலை விழுது தடிப்பைக் குறைத்தது. ஆனால் சோப்பு அதைவிட நன்றாகக் குறைத்தது. அந்தச் செடியிலும் சோப்பைப் போல நுரைக்கும் சபோனின்கள் உண்டு. தடிப்பு வந்த பிறகு பூசிக் குணம் கண்டவர்களை வைத்து முடிவுசெய்ய முடியாது. ஒன்றும் பூசாவிட்டாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தடிப்பு தானே ஆறிவிடும்.

அப்படியானால் காலமைன் லோஷன், குளிர்ந்த ஈரத்துணி, ஓட்ஸ் மாவு கரைத்த குளியல் எல்லாம் வீணா? இல்லை. அவை நோயின் நாள்களைக் குறைக்காவிட்டாலும் அரிப்பைத் தணிக்கும்; சொறிந்து புண்ணாக்கிச் சீழ் பிடிக்கவிடாமல் காக்கும். அந்த ஆறுதலே பெரிது. பிளீச்சிங் திரவத்தைத் தடவுவது கொடுமை, தோல் வெந்துபோகும். கொடியை எரிப்பது அதைவிட ஆபத்து. புகையோடு நச்சு நுரையீரலுக்குள் போய்விடும். முகமோ கண்ணோ வீங்கினாலும், உடலில் பெரும்பகுதி தடித்தாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் ஸ்டீராய்டு மாத்திரை தந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களுக்கு அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தச் சொல்வார். பாதியில் விட்டால் தடிப்பு மறுபடி கிளம்பும்.