வட்டம் போட்டேன், ‘க்யூ’ வந்தது

சில வருஷங்களுக்கு முன்னாடி ஆபீஸ் ரிப்போர்ட் ஒன்றுக்காக ‘ஆர்’ மொழியில் ஒரு ஸ்கேட்டர் பிளாட் வரைந்தேன். பிடிஎஃப்பாக சேமித்து, லேட்டெக் டாக்குமெண்டில் சொருகி அனுப்பியாச்சு. என் லேப்டாப்பில் பார்த்தால் சின்னச் சின்ன வட்டங்கள், அவ்வளவு அழகு.

மேனேஜர் அதை லினக்ஸில் திறந்தார். “ஏம்ப்பா, இந்த ‘க்யூ’ குரூப் எது? ரிப்போர்ட்ல விளக்கமே இல்லையே?” என்று கேட்டார். ஒவ்வொரு வட்டமும் ஆங்கில ‘க்யூ’வாக மாறியிருந்தது. எரர் எதுவும் வரவில்லை. கிராஃப் ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனால் பொய் சொன்னது. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

காரணத்தைத் தேடிப் போனால், ஹெர்மன் ஸாஃப் என்ற ஜெர்மானிய எழுத்துரு வடிவமைப்பாளரிடம் போய் நின்றேன். பாலட்டினோ, ஆப்டிமா எல்லாம் அவர் கைவண்ணம்தான். நட்சத்திரம், கத்தரிக்கோல், அம்புக்குறி, வட்டம் என்று அவர் வரைந்த குறிகளை ஐடிசி நிறுவனம் 1978-ல் வெளியிட்டது. பெயர் ஸாஃப் டிங்பேட்ஸ். 1986-ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிளஸ் பிரிண்டருக்குள்ளேயே அது வந்துவிட்டது.

இந்தக் குறிகளுக்கென்று அப்போது தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் ஒண்டுக்குடித்தனம். பாமினி ஃபான்டில் டைப் செய்த தமிழ் ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக வருமே, அதே கதை.

1993-ல் அடோபி பிடிஎஃப்பைக் கொண்டுவந்தது. 14 ஃபான்ட்கள் எல்லா வியூவரிலும் கட்டாயம் இருக்கும், அவற்றை ஃபைலுக்குள் பொதிக்க வேண்டாம் என்பது ஏற்பாடு. ஃபைல் சைஸ் சிறிதாகுமே! அந்த 14-ல் டிங்பேட்ஸும் ஒன்று.

பிடிஎஃப்பில் வட்டம் வரைய தனிக் கட்டளையே கிடையாது (நானும் நம்பவில்லை). பெசியர் வளைவுகளை ஒட்டித்தான் வட்டமாக்க வேண்டும். ஆயிரம் புள்ளிகளுக்கு ஆயிரம் தடவை. அதற்கு பதில் டிங்பேட்ஸிலிருந்து ஒரே ஒரு எழுத்தை அச்சடித்தால் வேலை முடிந்தது. ‘ஆர்’ அதைத்தான் செய்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் 14 ஃபான்ட் வாக்குறுதியை எல்லா வியூவரும் காப்பாற்றவில்லை. பாப்ளர் லைப்ரரியை நம்பிய சில லினக்ஸ் வியூவர்களில், ஃபான்ட் பெயரை சிஸ்டத்தில் இருக்கும் ஃபான்டோடு பொருத்துவதில் குழப்பம். வேறு ஃபான்ட் வந்து உட்கார்ந்தது, வட்டம் எழுத்தாகிவிட்டது.

சரி செய்வது சுலபம். பிடிஎஃப் ஃபங்ஷனில் ‘யூஸ்டிங்பேட்ஸ்’ ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கினால் போதும், வளைவுகளாலேயே வரைந்துவிடும். இப்போதைய ‘ஆர்’-ல் டீஃபால்ட்டே அதுதான். 2005-ல் வந்த பிடிஎஃப்/ஏ, அதாவது ஆவணக் காப்பகங்களுக்கான தரநிலை, எல்லா ஃபான்டையும் ஃபைலுக்குள்ளேயே பொதிக்கச் சொல்கிறது. யாரையும் நம்பாதே என்கிறது!

எங்கள் டீமின் பழைய ஃபைல்கள்தான் தலைவலி. சிலவற்றுக்கு கோடே இல்லை, பிடிஎஃப் மட்டும்தான் மிச்சம். ‘எம்பெட்ஃபான்ட்ஸ்’ ஃபங்ஷன் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மூலம் ஃபான்டைப் பிறகும் பொதித்துத் தரும். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை ஓட்டினேன். ஒவ்வொரு ஃபைலையும் மேனேஜரின் லினக்ஸிலேயே திறந்து, வட்டம் வட்டமாகவே வருகிறதா என்று பார்த்தேன்.